இருநூற்று அறுபது

பிப்ரவரி 9

அன்புள்ள அக்கா,

எனக்கு இடம் கிடைத்துவிட்டது! நான்கு ஆண்டும் உதவித்தொகையோடு முனைவர் படிப்பு. காற்றோட்டத்தின் இயற்பியல், நுரையீரலின் உயிரியல், இரண்டையும் கோக்க என் கணிதம். ஒருவரின் மூச்சு இனி எப்படிப் போகும் என்று முன்கூட்டிச் சொல்லும் மாதிரி ஒன்றை உருவாக்க வேண்டும்.

அதற்குத் தினமும் அளந்த எண்கள் தேவை. அப்பாவிடம் கேட்டேன். முப்பது வருடம் கல்லறுத்து விழுங்கிய தூசி உன் படிப்புக்காவது உதவட்டும் என்றார். மூச்சின் வேகத்தை அளக்கும் ஊதுகுழாய் அனுப்பியிருக்கிறேன். காலையில் மூன்று முறை ஊதச் சொல், பெரிய எண்ணை மட்டும் தாளில் எழுது. கல் பட்டறை வேலைக்கு ஓடும் அவசரத்தில் மறந்துவிடாதே.

உன் வாலு

மே 2

என் வாலுக்கு,

தாளை வைத்திருக்கிறேன். இருநூற்று நாற்பதில் தொடங்கியவர் நூற்றுத் தொண்ணூறுக்கு இறங்கிவிட்டார். குழாயைக் கண்டாலே, "காலங்காத்தால மாமியார் வந்தாச்சா?" என்கிறார். பட்டறையில் தூசி பறக்காமல் தண்ணீர் விட்டு அறுக்க ஏற்பாடு செய்யச் சொல்லி முதலாளிக்கு எழுதிக் கொடுத்தோம், செவிடன் காதில் ஊதிய சங்குதான். எனக்கும் இருமல், பழகிவிட்டது. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

மே 20

அக்கா,

அப்பா நவம்பரைத் தாண்ட மாட்டார் என்கிறது என் மாதிரி. நான் வந்துவிடுகிறேன். ஒரு மாதத்துக்கு மேல் விடுப்பெடுத்தால் இடம் வேறொருவருக்குப் போய்விடுமாம். போனால் போகட்டும்.

வாலு

ஜூன் 14

வாலுக்கு,

அவசரப்பட்டுக் கிளம்பாதே. மருந்தை மாற்றியிருக்கிறார்கள். பத்து நாளாக இருநூற்று அறுபது. டிசம்பரில் உன் ஆய்வுக்குழு கூட்டத்தை முடித்துவிட்டு நிதானமாக வா.

அக்கா

நவம்பர் 25

வாலுக்கு,

காரியத்துக்கு வந்து இரண்டு நாள் இருந்தாய். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

ஜூனிலிருந்து அப்பாவால் ஊதவே முடியவில்லை. வந்துவிடுகிறேன் என்ற உன் கடிதத்தைப் படித்துக் காட்டியதும் குழாயை என் கையில் திணித்தார். "அவ வந்துட்டா எல்லாம் போச்சு. நீயே ஊதி எழுதுடி" என்றார். அந்த எண்கள் எல்லாம் என்னுடையவை. அவர் குணமாகிறார் என்று நீ சந்தோஷப்பட்டு எழுதியதையெல்லாம் அவருக்கு வாசித்துக் காட்டினேன். என்னைத் திட்டு. திட்டியாவது எழுது.

அக்கா

டிசம்பர் 11

அக்கா,

அப்பாவோடு கடைசியாக ஒரு வார்த்தை பேசவிடாமல் செய்துவிட்டாய். உன்னை மன்னிப்பேனா என்று எனக்கே தெரியவில்லை.

உன் எண்களை நீக்கிவிட்டு மாதிரியை மறுபடி ஓட்டினேன். அவர் இறந்த வாரத்தைச் சரியாகச் சொன்னது. ஆனால் நீக்கிய எண்களிலிருந்து என்னால் கண்ணெடுக்க முடியவில்லை. உன் வயதில், உன் உயரத்தில் நானூறாவது வர வேண்டும். எனக்குச் சந்தேகம் வராமலிருக்க மெதுவாக ஊதினாய், அப்படித்தானே? ஆமாம் என்று ஒரு வரி எழுது.

வாலு

டிசம்பர் 19

வாலுக்கு,

மெதுவாக ஊத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லையடி. நீ சொன்னபடி மூன்று தடவையும் தம் கட்டி ஊதினேன், பெரிய எண்ணைத்தான் எழுதினேன்.

இன்று காலையும் ஊதினேன். இருநூற்று நாற்பது. இந்தத் தடவை தாளில் என் பெயரையே எழுதியிருக்கிறேன்.

அக்கா