எலும்பு என்று படித்த சொல்

கெம்பேர், 6 அக்டோபர் 1997

அன்புள்ள கோத்தியே,

உன் நாவல் இலக்கியப் பரிசின் இறுதிப் பட்டியலுக்கு வந்ததற்கு வாழ்த்துகள். இங்கே ஓயாத மழை. இந்த ஆண்டு என் லத்தீன் வகுப்பில் ஆறே பிள்ளைகள்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் உன் நாயகன், 'உன் எலும்பை முத்தமிட்டேன்' என்கிறான். பழைய ரோமக் கவிதை இன்றைய பிரெஞ்சு நாவலில் எப்படி உயிர்த்திருக்கிறது பாருங்கள் என்று விமர்சகர்கள் கொண்டாடுவது அந்த வரியைத்தான். அது உனக்கு எங்கே கிடைத்தது?

சோலேன்

பாரிஸ், 10 அக்டோபர்

என் அன்புச் சோலேன்,

லத்தீன் கவிதையிலிருந்துதான். வேறெங்கிருந்து? இரண்டாயிரம் வருடச் சொத்து. இந்த நாட்டில் அதில் கைவைக்காத எழுத்தாளன் யார்? நடுவர்கள் நவம்பர் மூன்றாம் தேதி கூடுகிறார்கள். நம் இருபது வருட நட்பை நினைத்து, அதுவரை யாரிடமும் எதுவும் பேசிவிடாதே.

உன் கோத்தியே

கெம்பேர், 14 அக்டோபர்

கோத்தியே,

லத்தீனில் அந்த இடத்தில் எலும்பு இல்லை, வாய். இரண்டையும் எழுதுவது ஒரே மாதிரிதான், ஒலியில் மட்டும் குறில், நெடில். தவறாகப் படித்தவள் நான். ஆஸ்பத்திரியில் தம்பி ஈவோனின் கட்டிலருகே உட்கார்ந்து அந்தக் கவிதையை மொழிபெயர்த்தேன். என் கையிலிருந்த அவன் கையில் தோலுக்கடியில் வெறும் எலும்பு. பிறகு தவறென்று தெரிந்தும், அவன் போன பின் திருத்த மனம் வரவில்லை. ரோமக் கவிஞன் எல்லோருக்கும் பொது. அந்தப் பிழை எனக்கு மட்டும் சொந்தம்.

அந்த மொழிபெயர்ப்பின் கைப்பிரதியை உன்னிடம் மட்டும்தான் கொடுத்தேன். நீ என்ன சொன்னாய்? "இது ஸ்கூல் பயிற்சி மாதிரி இருக்கு சோலேன். உயிரே இல்ல. உள்ள வச்சுப் பூட்டு." பூட்டினேன். நான்கு வருடமாக ஒரு வரிகூட மொழிபெயர்க்கவில்லை.

நான் பத்திரிகைக்குப் போகமாட்டேன். மூன்றாம் தேதிக்குள் நீயே சொல்.

சோலேன்

பாரிஸ், 31 அக்டோபர்

சோலேன்,

சொல்லிவிட்டேன். பதிப்பாளர் மேசையைத் தட்டிக் கத்தினார்: "உனக்கென்ன பைத்தியமா? ஒத்த வரிக்கா இந்தக் கூத்து? அந்த டீச்சருக்கு ஒரு பூங்கொத்து அனுப்பு, முடிஞ்சுது!" நாவலைப் பட்டியலிலிருந்து நானே விலக்கிக்கொண்டேன். அடுத்த பதிப்பில் உன் பெயர் இருக்கும்.

இன்னொன்று. உயிரில்லை என்றது பொய். அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் காலமெல்லாம் தேடியது உனக்குத் தவறுதலாகவே வாய்த்துவிட்டதே என்ற வயிற்றெரிச்சல். நீ மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டாய் என்று தெரிந்தபோது நிம்மதியாக இருந்தது, வெட்கத்தோடு சொல்கிறேன். மன்னிக்க முடிந்தால் எழுது.

கோத்தியே

கெம்பேர், 9 நவம்பர்

மதிப்பிற்குரிய திரு. கோத்தியே மயேபுவா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பரிசை விட்டுக்கொடுப்பது எளிதல்ல என்று அறிவேன். வரியை எடுத்ததை மன்னித்துவிட்டேன். அந்த நான்கு வருடத்தை எப்படி மன்னிப்பது என்றுதான் தெரியவில்லை.

இந்த வாரம் மறுபடி மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் முடிந்ததும், பழக்கத்தில் உறைமேல் உங்கள் முகவரியை எழுதிவிட்டேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, பக்கத்து வகுப்புக் கணக்கு ஆசிரியையிடம் பக்கங்களைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். "ரெண்டு எடம் புரியல," என்றாள். "சரி, மீதி எங்க? குடு."

சோலேன் கெர்வதெக்