கன்னத்தில் அடக்கிய மிட்டாய்

திருப்பூர்
6.7.2003

அன்புள்ள மதினிக்கு,

மீனா எழுதிக்கொண்டது. இங்கன நானும் அவுகளும் சுகம். அண்ணனும் நீங்களும் என் மகன் அன்பரசனும் எப்படி இருக்கீக?

பனியன் கம்பெனியில ஆர்டர் நெருக்குது, லீவு கிடைக்கல. பிள்ளையப் பாத்துக்க இங்கன ஆளில்லாமத்தான் உங்ககிட்ட விட்டுட்டு வந்தேன். நாலு வயசுப் பிள்ள, பெத்தவள மறந்துபோயிருமோன்னு பயமா இருக்கு மதினி. நம்மூரு லட்சுமிகாந்தம் அக்கா கையில ஒரு டப்பா சாக்லேட்டும் ஜவ்வு மிட்டாயும் குடுத்துவிட்டிருக்கேன். அதத் திங்கும்போதாவது என்னைய நெனைக்கட்டும்.

அன்புடன்,
அழகுமீனா

தாயில்பட்டி
13.7.2003

அன்பு மீனாவுக்கு,

மதினி மாரித்தாய் எழுதுறேன். மிட்டாய் வந்து சேந்துச்சு. அவனுக்குக் குடுக்கல. கோவிக்காம முழுசாப் படி.

செவ்வாய்க்கிழம என் மருமகன் அன்பரசன் கன்னத்தப் பிடிச்சுக்கிட்டு ஒரே அழுக. சாத்தூர்ல பல் டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போனேன். மேல்பல்லு நாலு சொத்தையாம். "பிள்ளைக்கு என்ன குடுப்பீங்க?"ன்னு கேட்டாக. "கெட்டது ஒண்ணும் குடுக்கலம்மா, கருப்பட்டி மிட்டாய்தான்"னு நெஞ்ச நிமித்திச் சொன்னேன். வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டுறப்ப பிள்ளைங்க சிணுங்காம இருக்க ஒரு துண்டக் கன்னத்துல அடக்கிவிடுறது நம்ம தெருப் பழக்கந்தான, உனக்குத் தெரியாததா? சீனிதான் பல்லக் கெடுக்கும், கருப்பட்டி மருந்துன்னு நெனைச்சுட்டேன்.

பல்லுக்கு ரெண்டும் ஒண்ணுதானாம். நாளெல்லாம் வாய்க்குள்ள ஊறிக் கெடந்தா அரிச்சிருமாம். "பால்பல்லு, விழுறதுதான?"ன்னேன். அதுவும் புழுத்தா பிள்ள சாப்பிட முடியாது, அடியில வர்ற பல்லும் கெட்டுப்போகும்னு சொல்லிட்டாக.

தப்பு என் பேர்லதான் மீனா. மறைக்க மனசு வரல.

உன் மதினி,
மாரித்தாய்

திருப்பூர்
18.7.2003

மதினிக்கு,

மெஷின்ல உக்காந்தா கண்ணு மறைக்குது, தையல் கோணுது. உங்கள நம்பித்தான விட்டேன்? குழாய் உருட்டுற அவசரத்துல என் பிள்ள பல்லப் போக்கிட்டீக. நான் ஆசையாக் குடுத்துவிட்டதையும் பூட்டி வச்சுட்டீக. அப்ப எத வச்சு அவன் என்னைய நெனைப்பான்?

ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி வாரேன். சாமி கும்பிட்டுட்டு அவனக் கையோட கூட்டிட்டு வந்துருவேன்.

அழகுமீனா

தாயில்பட்டி
24.7.2003

அன்பு மீனாவுக்கு,

வா தாயி. உன் பிள்ள, நீ கூட்டிட்டுப் போறத நான் தடுப்பனா? பல்ல அடைச்சாச்சு, வலி இல்ல.

அங்கன வந்தா அவனுக்கு என்ன குடுக்கணும்னு எழுதுறேன், பத்திரமா வச்சுக்கோ. அவிச்ச கடல, மொச்ச, வெள்ளரிப்பிஞ்சு, கொய்யா. தாகத்துக்குத் தண்ணி இல்லாட்டி மோரு. இனிப்புக் கேட்டா மத்தியானச் சோத்தோட ஒரு துண்டு, அம்புட்டுத்தான். தின்னதும் வாய் கொப்புளிக்கணும். நாள் முழுக்கக் கொறிக்க விட்ராத.

மிட்டாய நிறுத்துன மொத நாலு நாளு வீட்டையே ரெண்டாக்கிட்டான். எனக்கும் குழாய் பாதிக்குப் பாதிதான் ஓடுச்சு. குழாய் எடுக்க வர்ற ஏசென்டு ஏசினாரு. "ஏசுங்க அண்ணாச்சி, பிள்ள பல்ல நீங்களா மொளைக்க வப்பீக?"ன்னு கேட்டுட்டேன். எதுர்வீட்டு செல்லத்தாய் என்னையப் பாத்துச் சிரிச்சா. அவ மகளோட வாயத் தெறந்து காட்டச் சொன்னேன். பாத்ததோட சிரிப்பு நின்னுபோச்சு.

மாரித்தாய்

திருப்பூர்
20.8.2003

என் அருமை மதினிக்கு,

நல்லபடியா வந்து சேந்தேன். பஸ் ஏறுற அவசரத்துல உங்ககிட்டச் சொல்லாம வந்தது நெறைய இருக்கு. அதான் எழுதுறேன்.

உங்களோட சண்ட போடணும்னுதான் வந்தேன். தெருவுக்குள்ள நுழைஞ்சா வாசலுக்கு வாசல் பொம்பளைக குழாய் உருட்டுறாக, ஒரு பிள்ள கன்னமும் உப்பல. செல்லத்தாய் மக வெள்ளரிப்பிஞ்சக் கடிச்சுக்கிட்டுத் திரியுது. எம்மா, நீங்க லேசுப்பட்ட ஆளு இல்ல மதினி! தீவாளி வெடி சீசன் நேரத்துல, ஏசென்டுகிட்ட ஏச்சும் வாங்கிக்கிட்டு, ஒரு தெருவையே திருத்தியிருக்கீக. தப்ப மறைக்காம எழுதுன உங்களப் போயி அந்தப் பேச்சுப் பேசினேனே, என் நாக்கத்தான் அறுக்கணும். மன்னிச்சுருங்க.

இத உங்ககிட்ட நேர்ல சொல்லல. நீங்க தண்ணிக்குப் போயிருந்தப்ப அவன் கிண்ணத்தோட என்கிட்ட வந்தான். அவிச்ச கடல. என் வாயில ஒண்ணு ஊட்டிவிட்டான். "நல்லாருக்காம்மா? நீ குடுத்துவிட்டதுதான்"னான். எனக்கு ஒண்ணும் புரியல. "யாருலே சொன்னா?"ன்னு கேட்டேன். "அத்ததான். கடல, மோரு, கொய்யாப்பழம் எல்லாம் நீதான் திருப்பூர்ல இருந்து தெனமும் குடுத்துவிடுறியாம்"ன்னு வெரல மடக்கி மடக்கிச் சொல்லுறான்.

நான் ஒரு கடல கூட குடுத்துவிடலயே மதினி.

அதான் அவன் துணிய எடுத்து வைக்காம வந்துட்டேன். இங்கன அவனப் பாத்துக்க ஒரு ஆள் அமையுற வரைக்கும் அவன் உங்ககிட்டயே இருக்கட்டும்.

உங்கள் தங்கச்சி,
மீனா