அண்ணை வருவதற்குப் போட்ட பூவழி

என்ரை அருமை அண்ணைக்கு,

நலமா என்று கேட்க முடியாத இடத்துக்கு எப்படிக் கடிதம் தொடங்குவது? எனக்கு எழுத்தும் தெரியாது. நான் சொல்லச் சொல்ல வாத்தியார் எழுதுகிறார். உங்களுக்கு விளங்காத சொல் வந்தால் அது அவர் போட்டது. நான் செய்த காரியத்துக்கு எங்கள் மயிலிட்டி ஊர் முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்தபடியால், இதை வாசிகசாலையில் வாசித்துக் காட்டப் போகிறாராம். காட்டட்டும்.

நீங்கள் கப்பலில் கரி அள்ளிப்போட்டுத் திரிந்த காலத்தில், மெக்சிக்கோ என்ற தேசத்தில் காய்ச்சலோடு இறங்கி ஒரு கிழவி வீட்டில் கிடந்த கதையை எத்தனை தரம் சொன்னீர்கள்! ஐப்பசியில் அந்தச் சனம் செத்தவர்களை வீட்டுக்கு அழைக்குமாம். புதைத்த இடத்திலிருந்து வாசல்வரை செவ்வந்தி இதழ் தூவி வழி போடுமாம். மேசையில் மெழுகுதிரி, உப்பு, கோதுமைப் பாண், செத்தவருக்குப் பிடித்த கறி. தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு முதலில் தண்ணீர். சீனியில் மண்டையோடு செய்து நெற்றியில் பேரும் எழுதுமாம். "சுடலையிலை இருந்து பாட்டுப் பாடிச் சாப்பிடுதுகளடா தம்பி. எனக்கும் ஒருக்கால் அப்பிடிச் செய்" என்பீர்கள்.

உங்களை எரித்து, சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைத்து, முறைப்படி திரும்பிப் பார்க்காமல் வந்தேன். திவசமும் விடாமல் செய்கிறேன். ஆனாலும் நாங்கள் போகச் சொல்லித்தானே அனுப்புகிறோம்? வரச் சொல்லி ஒருநாளும் கூப்பிடவில்லையே?

இந்த வருஷம் கூப்பிட்டேன். கோப்பாய்த் தோட்டக்காரனிடம் கருவாடு கொடுத்துச் செவ்வந்தி வாங்கினேன்.

"ஆருக்கப்பு கலியாணம்?"

"அண்ணை வாறார்."

"எங்கையிருந்து?"

"கடலாலை."

அவன் இன்னொரு பிடி பூக் கூடப் போட்டான்.

உங்களுக்குப் புதைகுழி இல்லையே, வழியை எங்கே தொடங்குவது? கீரிமலைத் தண்ணீரும் எங்கள் கரைத் தண்ணீரும் ஒன்றுதானே என்று, அலை தொடுகிற இடத்திலிருந்து நான் குடியிருக்கும் கொட்டில்வரை தூவினேன். மீன் விற்கிற பூரணம் ஓலைக் கடகத்தோடு நின்று பார்த்தாள். அவளுடைய மனிசன் கடலுக்குப் போய்த் திரும்பாதவன். அவள் இன்னும் பொட்டை அழிக்கவில்லை.

"என்ன கிழவர், மாப்பிள்ளை அழைப்போ?"

சொன்னேன். சிரித்தாள். "உயிரோடை இருக்கிறவைக்கே சோறில்லை. செத்தவைக்கு விருந்தோ?"

பொழுதுபட அவளே வந்தாள், கையில் மூடின சோற்றுக் கோப்பையோடு. "உங்கடை அண்ணை வாற வழியாலை எங்கடை மனிசனும் வரலாமோ?" நான் வாய் திறக்க முன்னமே, "செத்தவரெண்டு வைக்கேல்லை. எங்கை நிண்டாலும் பசிக்கும்தானே" என்றாள். மேசைக்குப் பதிலாக நான் கவிழ்த்து வைத்த பெட்டியில், உங்களுக்குப் பிடித்த சுறா வறைக்குப் பக்கத்தில் அதை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பிறகு மழை. அங்கே ஊரே கூடியிருக்கும் என்றீர்கள். இங்கே நான் ஒருத்தன். கூரை ஒழுகி, உங்களுக்கு வைத்த சுருட்டு நனைந்தது. கள்ளு வைத்தபடி இருந்தது. கரைப்பக்கத்துப் பூவை அலை கொண்டுபோய்விட்டது. வந்தீர்களா அண்ணை? வழி பாதியில் அறுந்தால் அந்த நாட்டில் என்ன செய்வார்கள்? அதை மட்டும் நீங்கள் சொல்லவில்லை.

இப்போது ஊரில் நான் அப்பு, கிழவர், பெரியவர். என்னைத் தம்பி என்று கூப்பிட ஒரு வாய் மிச்சமில்லை. அந்தச் சொல்லைக் காதால் கேட்கத்தான் பூ வாங்கினேன்.

விடியப் பூரணம் கோப்பையை எடுக்க வந்தாள். மூடியைத் திறந்து பார்க்கவில்லை. "வாற வருசம் பூ இன்னும் கொஞ்சம் வேணும். நானும் வாங்கித் தாறன்" என்று மட்டும் சொன்னாள்.

போடுவோம் அண்ணை. அலை எடுத்தால் திரும்பவும் போடுவேன். போட்டுவிட்டு, கடலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் வருவேன். நானும் செத்து, எனக்குப் பூப் போட ஆளில்லாத வருஷம் வந்தால், நீங்கள் அந்தப் பக்கத்தில் நின்று ஒருதரம் "தம்பி" என்று கூப்பிடுங்கள். குரல் பிடித்து வந்துவிடுவேன்.

பேர் எழுதத் தெரியாமல் பெருவிரல் வைக்கும்,
உங்கள் தம்பி