டாக்டரம்மா சொல்லாமல் விட்ட கருத்து

ஷஃபான் பிறை 9, திங்கள்

காலையில் பனி. பத்து மணிக்கே வெயில் சுள்ளென்று. ஆஸ்பத்திரியில், டாக்டரம்மாவின் அறையில் இருந்தவர்கள்: டாக்டரம்மா, சிஸ்டர் செல்வி, அவர் (என் வீட்டுக்காரர்), அவருடைய அண்ணன் (பிள்ளைகளுக்குப் பெரியத்தா, எனக்கும் அப்படியே), மருமகள் பர்வீன், நான். நாற்காலி மூன்றுதான்.

போன வாரம் டாக்டரம்மா, "வீட்ல கலந்து பேசிட்டு வந்து சொல்லுங்கம்மா" என்றிருந்தார். கலந்து பேசுவதென்றால் டாக்டரும் கூட இருக்க வேண்டாமா என்று பெரியத்தா எல்லோரையும் அங்கேயே கூட்டி வந்துவிட்டார்.

என் சர்க்கரை மாத்திரைக்கு அடங்கவில்லை. இந்த ஷஃபான் மாதம் முடிந்தால் ரமலான். டாக்டரம்மா மூன்று வழி சொன்னார். ஒன்று: ஊசி ஆரம்பித்து, இந்த வருடம் நோன்பை விடுவது. இரண்டு: ஊசியோடு நோன்பு; வீட்டில் விரலில் குத்திப் பார்த்து, அளவு இறங்கினால் உடனே முறிப்பது. மூன்று: மாத்திரையை மாற்றி இன்னும் சில மாதம் பொறுப்பது. ஒவ்வொன்றிலும் உள்ள நல்லது கெட்டது எல்லாம் பொறுமையாகச் சொன்னார். பிறகு, "நீங்க என்ன நினைக்கிறீங்க?"

பெரியத்தா தொண்டையைச் செருமினார். "பிஸ்மில்லாஹ். வலது பக்கத்துல இருந்து வருவோம். சிஸ்டர், உங்க கருத்து?"

"எனக்கு ஊசி போடத்தான் தெரியுமுங்க பாய். இதென்ன பஞ்சாயத்துங்களா?"

"பஞ்சாயத்து இல்லம்மா, மசூரா. எல்லாரும் மனசுல உள்ளதச் சொல்லணும், கடைசில ஒருத்தர் முடிவு சொல்வாரு."

"வெளிய வரிசை கேட்டு வரைக்கும் நிக்குதுங்க. அவங்களையும் கூப்பிடட்டுங்களா?"

பர்வீன் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவர், "போன நோன்புல சமையல்கட்டுலயே விழுந்துட்டா டாக்டர். எனக்குப் பயமாத்தான் இருக்கு" என்றார். பர்வீன் ஊசிக்குச் சம்மதம், நோன்பு மாமியின் விருப்பம். என் முறை வந்தது. "நீங்க எல்லாரும் எப்படிச் சொல்றீங்களோ அப்படி." இதைத்தான் சொன்னேன். வீட்டில் உப்பு வாங்குவது முதல் சம்பந்தம் பேசுவது வரை நான் வாய் திறக்காத காரியம் இல்லை.

கடைசியில் பெரியத்தா டாக்டரம்மாவைப் பார்த்து, "முடிவு நீங்க சொல்லுங்க."

"முடிவு அம்மாவோடதுங்க" என்றார் டாக்டரம்மா.

எழும்பி வந்துவிட்டோம்.

பிறை 10, செவ்வாய்

நோன்புக் கஞ்சிக்கு நொய் புடைத்தாயிற்று. வெந்தயம் காய்கிறது. கேஸ் புக் பண்ண வேண்டும்.

பெரியத்தா போன். சேலத்தில் ஒரு ஸ்பெஷலிஸ்ட் இருக்கிறாராம். "ஒரு வார்த்த கேக்கமாட்டாரு. பாத்தவுடனே எழுதிடுவாரு. அவரு டாக்டரு!" பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரும் தலையாட்டினார். கேட்கிற டாக்டருக்குத் தெரியவில்லை என்று இவர்கள் எண்ணம்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனாலும் ஏதோ குறைந்தது. அஸர் தொழுது உட்கார்ந்திருந்தபோது புரிந்தது. அத்தனை பேரும் கருத்துச் சொன்னோம். விஷயம் தெரிந்த ஒருவர் மட்டும் சொல்லவில்லை.

பள்ளிவாசல் ஹஜரத் வீட்டம்மாவிடம் கேட்டேன். ஊசியால் நோன்பு முறியாதாம், நோயாளிக்கு விடச் சலுகையும் உண்டாம். அது எனக்கும் தெரியும். எல்லோரும் விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழும்பும்போது நான் போர்த்திப் படுத்திருப்பதற்குத்தான் மனசு ஒப்பவில்லை.

பிறை 13, வெள்ளி

மதியம் கூட்டம் குறைந்த பிறகு தனியாகப் போனேன். டாக்டரம்மா சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தார்.

கேட்டே விட்டேன். "மசூராவுல ஒருத்தர்கிட்ட கருத்துக் கேட்டா, அதை மறைக்கக் கூடாது டாக்டர். அது அமானிதம், நம்பி ஒப்படைச்ச பொருள் மாதிரி. நீங்க மூணு வழி சொன்னீங்க. உங்க மனசுல எது?"

சிரித்தார். "நான் சொன்னா எல்லாரும் தலைய ஆட்டிட்டுப் போயிடறாங்கம்மா. மாத்திரை பீரோவுல கிடக்கும். அதனாலதான் கேக்கறேன். கேட்டா, 'இந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியல'ன்னு சேலத்துக்கு பஸ் ஏறிடறாங்க."

சிஸ்டர் செல்வி ஊசி மருந்தை எடுத்துக்கொண்டே, "நான் சொன்னா மேடம் கோவிச்சுக்குவாங்க. பாதிப் பேருக்குக் கேக்கறதே பயமுங்க. எங்கம்மாளும் அப்படித்தான். இதைச் செய்னு சொல்லிப்போட்டா நிம்மதியாத் தூங்கும்."

"இந்தம்மா தூங்கற ஆளாத் தெரியலயே செல்வி," என்றார் டாக்டரம்மா. பிறகு சிரிப்பில்லாமல்: "எங்கம்மாவா இருந்தா இந்த வருஷம் நோன்பு வேண்டாம்னுதான் சொல்வேன். போன வருஷம் நீங்க விழுந்தப்ப அடுப்பு எரிஞ்சுதா?"

எரிந்தது.

"அவ்வளவுதாங்கம்மா."

கேட்டு வாங்கியது. கேட்டிருக்க வேண்டாமோ என்ற எண்ணம் பஸ் ஸ்டாண்ட் வரை கூடவே வந்தது. ஆனால் கோபம் இல்லை. சொந்த மனிதர் சொன்னது போல இருந்தது.

மூன்றாவது வழியை விட்டாயிற்று. ஊசிக்குச் சம்மதித்தேன். செல்வி போடக் கற்றுக் கொடுத்தார். இரவு நான் சொல்லச் சொல்ல பர்வீன் போட்டுவிட்டாள். எறும்பு கடித்த அளவுகூட இல்லை. அவள்தான் 'வலிக்குதா மாமி' என்று மூன்று முறை கேட்டாள்.

பிறை 15, ஞாயிறு

கா. அளவு கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மா. மறுபடி ஏற்றம் (பக்கத்து வீட்டு ஹல்வா, ஒரு துண்டு, ஒன்றரை). நோன்பு பற்றி இன்னும் யோசனை.

பிறை 16, திங்கள்

மேகம். தூறல் இல்லை.

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். "சேலத்துக்கு நேரம் கேக்கவா வேணாமா? நீ சொன்னாத்தான் நான் கடைக்குப் போக முடியும்."

"வேண்டாங்க. இவங்ககிட்டயே பேசிக்கிறேன்."

"அண்ணன்கிட்ட நீயே சொல்லிடு" என்று போய்விட்டார். சொன்னேன். பெரியத்தா, "அப்ப மசூரா எதுக்கு?" என்றார். இன்னும் முடியவில்லை என்றேன்.

லுஹர் தொழுதபின் டாக்டரம்மாவுக்கு போனில் எழுதி அனுப்பியது:

"அஸ்ஸலாமு அலைக்கும் டாக்டர். உங்கள் கருத்தை மூன்று நாள் யோசித்தேன். என் கருத்து இது. ஷஃபான் முடியும்வரை ஊசி போட்டு, காலை மாலை குத்திப் பார்க்கிறேன். நீங்கள் சொல்லும் அளவுக்குள் நின்றால் முதல் மூன்று நோன்பு வைத்துப் பார்க்கிறேன். அந்த நாட்களில் அடுப்பு பர்வீனுடையது. அளவு இறங்கினாலோ தலை சுற்றினாலோ அந்த நிமிடமே முறித்துவிடுவேன். அளவு நிற்காவிட்டால் இந்த ரமலானில் எனக்கு நோன்பு இல்லை. விட்ட நோன்புக்கு ஈடாக ஏழைக்கு உணவு கொடுத்துவிடுவேன், உங்களைக் குறை சொல்லமாட்டேன். இதற்கு நீங்கள் சம்மதமா, இல்லையா? இல்லை என்றாலும் சொல்லுங்கள். பிறை தெரிவதற்கு முன் தெரிய வேண்டும். சீக்கிரம் பதில் போடுங்கள்."