வாசிக்காமல் விட்டவை

நவ. 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. சாந்தோமில் தெருவெல்லாம் கணுக்கால் தண்ணீர். அடையாறு போக ஆட்டோ. "இன்னா சார் பண்றது, எந்தப் பக்கம் திருப்புனாலும் தண்ணி நின்னுக்கினு கீது" என்று வழி நெடுக ஓட்டியவரின் புலம்பல்.

நரம்பு டாக்டர். இரண்டரை மணி நேரக் காத்திருப்பு, பதினைந்து நிமிடப் பேச்சு. வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் பியானோவில் வைத்தால் மட்டும் உள்ளே மடங்கிக்கொள்கின்றன. மற்றபடி ஒன்றுமில்லை. பொத்தான் போடுகிறேன், மீன் அரிகிறேன், இதோ எழுதுகிறேன். மேஜையில் வாசித்துக் காட்டச் சொன்னார். ஐந்து விரலும் ஒழுங்காக ஓடின. பொய் சொல்லி லீவு கேட்டவன் மாதிரி வெட்கமாகிவிட்டது. வீட்டில் எடுத்த வீடியோவைப் போனில் காட்டினேன். இரண்டு முறை பார்த்தார்.

கோளாறு விரலில் இல்லையாம், மூளையில். அந்த ஒரு வேலைக்கான பாதை மட்டும் குழம்பிவிட்டது. வலிக்காது, அதனால் எல்லாரும் தாமதமாகத்தான் வருவார்களாம். சரியாகட்டும் என்று கூடுதலாக சாதகம் செய்தீர்களா என்றார். ஆமாம், தினமும் என்றேன். அதுதான் இன்னும் கெடுத்ததாம். ஊசி போடலாம். பழையபடி வருமா? "பார்க்கலாம்."

வயது ஐம்பத்தேழு. பத்தொன்பதில் சினிமா ரெக்கார்டிங்கில் கீபோர்டு, அப்புறம் நாலு வருஷம் கப்பலில், அப்புறம் ஹோட்டல் ஹோட்டலாக. ஜாஸ் வாசிக்கிறேன் என்றால் "அது சரி, வேலை என்ன?" என்று கேட்கிற ஊர். வேறு வேலை தெரியாது.

வாங்க: கொசுவத்தி, ஸ்டெல்லாவுக்கு பிரஷர் மாத்திரை, பால்.

நவ. 6, வியாழன்

ஸ்டெல்லாவிடம் சொல்லிவிட்டேன். கட்டின பெண்டாட்டியே நம்பவில்லை. காலையில்தான் ஊறுகாய் பாட்டிலைத் திறந்து கொடுத்திருந்தேன். பியானோவில் உட்கார்ந்து காட்டினேன். பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, "நாகு அண்ணன்கிட்ட சொல்லிடுங்க. சனிக்கிழமைக்கு முன்னாடி சொல்லிடுங்க."

சனிக்கிழமை தி. நகரில் ரெக்கார்டிங். நான், ஆளுயர டபுள் பேஸ் வாசிக்கிற நாகு, டிரம்ஸ் வினோத். மூவரும் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம், இதுதான் முதல் ஆல்பம்.

சொல்ல முடியாததற்குக் காரணம் வியாதி இல்லை. ஆறு மாதமாக, விரல் மடங்குகிற இடத்தில் சுரத்தை விட்டுவிடுகிறேன். முதலில் ஒன்றிரண்டு, பிறகு பாதி. கேட்டவர்கள் அதை ஒரு பாணி என்று நினைத்துவிட்டார்கள். நாகுவே என்னைக் கட்டிப்பிடித்து, "இப்பதாண்டா நீ பியானோ வாசிக்கறே" என்றான். இத்தனை வருஷம் வேகவேகமாக வாசித்தபோது ஒரு முறைகூட அப்படிச் சொன்னதில்லை. அடுத்த வாரமே அவனும் தன் வாசிப்பைப் பாதியாகக் குறைத்தான். வினோத் குச்சியை வைத்துவிட்டு, சத்தம் குறைய பிரஷ் எடுத்தான். நாகு தன் மாணவர்களிடம் என் பேரைச் சொல்லி, சார்லஸ் எதை விடுகிறான் என்று கவனியுங்கள் என்கிறானாம்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். பாராட்டு இனித்தது. வேறு ஒன்றும் இல்லை.

நவ. 7, வெள்ளி

தேனாம்பேட்டை ஹோட்டல், வழக்கமான வெள்ளி. கூட்டம் பரவாயில்லை. ஏசி அதிகம், பியானோ சுருதி கொஞ்சம் இறக்கம்.

பியானோவும் டிரம்ஸும் நாலு நாலு ஆவர்த்தனம் மாற்றி மாற்றி வாசிக்கிற இடம். என் முறையில் விரல் மடங்கிவிட்டது. ஒரே ஒரு சுரம், அவ்வளவுதான். மீதி வெறுமை. வினோத் தன் முறைக்கு சிம்பலில் ஒரே ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சும்மா இருந்தான். கைதட்டல். இடைவேளையில் ஒருவர் வந்து, "மௌனத்தை வாசிக்கிறீங்க சார்" என்றார். செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. நன்றி என்றேன்.

நாகுவிடம் சொல்லவில்லை. பார்க்கிங்வரை கூடவே போனேன். பேஸைக் காரில் ஏற்றுகிற மும்முரத்தில் இருந்தான். சாக்குதான்.

நவ. 8, சனி

ஸ்டுடியோ, பத்து மணி. மெதுவானவை இரண்டும் நன்றாகவே வந்தன. எனக்கே பிடித்தது, கஷ்டகாலம். அப்புறம் நாகு, வேகமாக ஒன்று வேண்டும், எங்களுடைய பழைய உருப்படி ஒன்றை எடுக்கலாம் என்றான். மூன்று முறை ஆரம்பித்தோம். மூன்றாவதில் இரண்டு விரலும் உள்ளங்கைக்குள் போய்விட்டன. நிறுத்தினேன். ஹெட்போன் தகராறு என்று நினைத்து வினோத் எழுந்து வந்தான்.

சொல்லிவிட்டேன். ஆறு மாதம், டாக்டர், எல்லாம். மைக் திறந்திருந்தது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

நாகு பேஸைத் தரையில் சாய்த்து வைத்தான்.

"நீ முடியாம விட்டதுக்கெல்லாம் நாங்க அர்த்தம் தேடிண்டிருந்தோமா?"

பியானோ மூடியை இறக்கினேன்.

"உன்னைக் கேட்டுக் கேட்டு என் வாசிப்பையே மாத்திண்டேன்டா."

சாப்பாடு வரும்வரைகூட நிற்கவில்லை. கிளம்பிப் போய்விட்டான். வினோத் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வலிக்குதா சார் என்றான். இல்லை என்றேன். நாங்கள் இரண்டு பேரும் மூன்று பேர் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

நவ. 9, ஞாயிறு

பூசைக்குப் போனேன். ஆர்கன் வாசிக்கிறவரின் கையைப் பார்க்கக் கூடாது என்று நினைத்து, முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிரசங்கம் என்னவென்று ஸ்டெல்லா கேட்டால் தெரியாது.

நாகுவிடமிருந்து போன் இல்லை. மூன்று முறை அடித்தேன், எடுக்கவில்லை. மதியம் வஞ்சிரம். சாப்பிட்ட பிறகு அழுதேன். ஸ்டெல்லா பார்த்தாள், கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள்.

நவ. 11, செவ்வாய்

வெயில். துணி காய்ந்தது.

காலையில் நாகுவிடமிருந்து போன். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. ஆல்பம் இப்போதைக்கு இல்லை. வெள்ளிக்கிழமைக்கு ஷீபாவைப் பேசிவிட்டானாம். அடையாறில் சர்ச்சில் வாசிக்கிறவள், ஜாஸும் வரும், அருமையான கை. இந்த ஆறு மாதம் நான் வாசித்த மாதிரியே வாசிக்கச் சொல்லியிருக்கிறானாம், ஹோட்டலில் அதைத்தான் கேட்கிறார்களாம்.

அவளிடம் விஷயத்தைச் சொன்னாயா என்று கேட்டேன்.

"என்னன்னு சொல்றது?" வைத்துவிட்டான்.

நாலு மணிக்கு ஷீபாவே பேசினாள். ரொம்ப மரியாதை. சனிக்கிழமை ரெக்கார்டிங்கை வினோத் அனுப்பியிருக்கிறான், இரண்டு நாளாக அதே வேலையாம்.

"சார், ரெண்டாவது பாட்டுல மேல ஏறி வந்து கடைசி ரெண்டு சுரத்தை விட்டுர்றீங்க. எனக்கு விரல் தானா அங்க போயிடுது சார். எவ்ளோ முயற்சி பண்ணாலும் போயிடுது. நீங்க எப்படி நிறுத்துறீங்க?"

லைன் கட்டாகிவிட்டதோ என்று அவள் இரண்டு தரம் ஹலோ சொன்னாள்.

கஷ்டம்தான்மா என்றேன்.

"பரவால்ல சார். பழகிக்கிறேன்."