அலகு குத்த வேண்டிய கன்னம்

5 ஜனவரி, திங்கள்
வலது கடைவாயில் மறுபடியும் வலி. கிராம்பை அடக்கிக்கொண்டு வேலைக்குப் போனேன். தைப்பூசத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை, விரதம் தொடங்கியாயிற்று. போன வருடம் ஷர்மினி டிங்கி காய்ச்சலில் ஐசியூவில் கிடந்தபோது, மகள் பிழைத்தால் கன்னத்தில் அலகு குத்திப் பால்குடம் எடுக்கிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன். பிழைத்தாள். கேவலம் ஒரு பல்லா என்னைத் தடுக்கப்போகிறது?

8 ஜனவரி
வாசுகி விடவில்லை. தெப்ராவில் ஒரு பல் கிளினிக்குக்கு இழுத்துப்போனாள். டாக்டர் சாந்தினி எக்ஸ்ரேயைக் காட்டினார். ஞானப்பல்லாம். படுத்தவாக்கில் முளைத்து, ஈறுக்குள் சீழ் வைத்திருக்கிறதாம்.

"முதல்ல மருந்து சாப்பிடுங்கண்ணே, அடுத்த வாரம் எடுத்துடலாம். பூசம் முடியட்டும்னு தள்ளிப்போடாதீங்க. இந்தக் கன்னத்துல ஊசி பட்டா ஆபத்து."

பூசத்தைப் பற்றி நான் மூச்சே விடவில்லையே! இவருக்கு எப்படித் தெரியும்? திரும்பிப் பார்த்தேன். என் மனைவி சுவரில் இருந்த பல் படத்தை அப்படி அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

9 ஜனவரி
அலகு வேண்டாம், வெறும் பால்குடம் போதும் என்று தீபாவளியிலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பவள் அவள். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு என் வேண்டுதலை நிறுத்தப் பார்க்கிறார்கள். எனக்கா தெரியாது?

ஃபேக்டரியில் ரூபேந்திரனிடம் சொன்னேன். "அலமாக், அதெல்லாம் சும்மா பயமுறுத்துவாங்க லா. எங்க மாமாவுக்கும் அப்படித்தான் சொன்னாங்க. இன்னிக்கும் அந்தப் பல்லாலதான் கறி கடிக்கிறாரு." அவன் ஒருத்தன்தான் நியாயமாகப் பேசுகிறான்.

10 ஜனவரி
மருந்தைப் பிரித்தேன். காப்ஸ்யூல். அதன் கூடு மாட்டு எலும்பில் செய்வது என்று கோயிலில் பேசிக்கொண்டார்கள். விரதத்தில் மாட்டைத் தின்பதா? தெரிந்தேதான் கொடுத்தார்களோ? டிராயருக்குள் தள்ளிவிட்டு, சாப்பிட்டாயிற்று என்று வாசுகியிடம் சொன்னேன்.

13 ஜனவரி
வலி இல்லை. பார்த்தாயா? பல் எடுக்கும் தேதியைத் தள்ளிப்போட்டேன்.

17 ஜனவரி
இருக்கட்டும் என்று கெலாங் பாத்தாவில் ஒரு சீன டாக்டரிடம் தனியாகப் போனேன். இவருக்கு வாசுகியைத் தெரியாது. அதே படம், அதே பேச்சு. மலாயில் ஒரே வார்த்தை: "சாபுட்." பிடுங்கு! எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.

ஆனால் வரும் வழியில் கன்னம் விண்விண் என்றது.

19 ஜனவரி
முகம் வீங்கிவிட்டது. காய்ச்சல். ஒரு விரல் நுழையும் அளவுக்கும் வாய் திறக்கவில்லை. தைலம் தேடிய வாசுகி டிராயரில் மருந்தைப் பார்த்துவிட்டாள். எனக்கு ஆத்திரம். "விரதத்துல மாட்டு எலும்பு காப்ஸ்யூலைத் திங்கணுமா? நீதானே டாக்டர்கிட்ட போட்டுக் குடுத்தே?" என்றேன், திறந்த அளவு வாயால்.

"ஆமா, நான்தான் போன் பண்ணேன்! பூசம் வரைக்கும் பல்லு தாங்குற மாதிரி ஏதாச்சும் செய்யுங்க, அவரு வேண்டுதல்னு கெஞ்சினேன். பார்த்துட்டுச் சொல்றேன்னாங்க. அலகு வேணாம்னு சொன்னவதான் நான். அதுக்காக சாமி காரியத்துல குறுக்க நிப்பேனா? காப்ஸ்யூல் ஆகாதுன்னா சிரப் கேட்டிருக்கலாமே! பிள்ளை பிழைச்சதுக்கு அப்பன் செத்துக் காட்டணுமா?"

சிரப். அது எனக்குத் தோணவே இல்லையே. முருகா, இவளையா சந்தேகப்பட்டேன்?

20 ஜனவரி
ஆஸ்பத்திரி. எடுத்துடுங்க என்று நானே சொன்னேன்.

23 ஜனவரி
கஞ்சி. தையல். முகத்தில் அலகு கூடவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சாமிக்குச் சொன்ன சொல் போச்சு. குளியலறையில் அழுதேன்.

1 பிப்ரவரி, தைப்பூசம்
பால்குடம் எடுக்க நின்றேன். வாசுகி மஞ்சள் சேலையில் எனக்கு முன்னால் போய் அலகு குத்துபவரிடம் நாக்கை நீட்டினாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளும் விரதம் இருந்தது எனக்குத் துணைக்கு என்றல்லவா நினைத்திருந்தேன்! சின்ன வெள்ளி வேல் உள்ளே போனது.

"ப்பா, அம்மாவுக்கு வலிக்குமா?" என்றாள் ஷர்மினி.

வழி முழுக்க வாசுகியை ஒட்டியே நடந்தேன். வேல் வேல் என்று கத்தினேன், தாடை வலிக்க வலிக்க.