கோல் கம்பத்துக்குப் பின்னால்

ஜூன் 14, சனி

இன்று எனக்கு அநியாயம் நடந்தது. என் பேத்தி கோல் காக்கிற மைதானத்தில், கோல் கம்பத்துக்குப் பின்னால் நான் நிற்கக் கூடாதாம். வேலிக்கு வெளியே, வண்டி நிறுத்துகிற இடத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாமாம். நான் செய்த குற்றம்: குழந்தையை ஊக்கப்படுத்தியது.

பயிற்சியாளர்தான் வந்து சொன்னார். என் மகனைவிடச் சின்னவர், கழுத்தில் ஒரு விசில். "ஐயா, தப்பா நினைக்காதீங்க. கொஞ்சம் வெளியில நின்னுக்கோங்க." வெளியே தள்ளுகிறவரைப் பற்றிச் சரியாக எப்படி நினைப்பது?

கெட்ட வார்த்தை பேசினேனா? நடுவரைத் திட்டினேனா? (திட்டினேன். அது போன மாதம்.) "கண்ணு, உன் இடது பக்கம் பந்து எட்டாது, பார்த்துக்கோ!" என்றேன். குறை தெரிந்தவன் சொல்ல வேண்டாமா?

ஜூன் 15, ஞாயிறு

கால்பந்து விதிகளை முழுக்கப் படித்தேன். யாரும் சொல்லித் தராமல் மோட்டார் காயில் கட்டக் கற்றுக்கொண்டவனுக்கு இது பெரிய காரியமா? பந்தின் எடை போட்டிருக்கிறது, கம்பத்தின் உயரம் போட்டிருக்கிறது. தாத்தாவை வெளியே அனுப்பலாம் என்று ஒரு வரி இல்லை.

சாப்பிடும்போது சொன்னேன். மகன், "விடுங்களேன்ப்பா" என்றான். மருமகள் அடுப்படிக்குப் போய்ச் சிரித்தாள். பேத்தி — வீட்டில் அவளுக்கு வாண்டு என்று பெயர் — தட்டைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. பாவம், எனக்காக வருத்தப்படுகிறாள்.

ஜூன் 18, புதன்

என் மோட்டார் ரிப்பேர் கடைக்கு வந்தவர், "ஏங்க இப்படிக் கத்துறீங்க, பக்கத்துலதானே நிக்கிறேன்?" என்றார். பத்து மோட்டார் ஓடுகிற இடத்தில் இருந்து வந்த குரல் இது. எல்லோருக்கும் இப்போது காது மென்மையாகிவிட்டது.

ஜூன் 21, சனி

உலகத்தில் மரியாதை தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்!

வேலிக்கு வெளியே நின்றேன். இன்றைய எதிரணி ஏற்கெனவே ஒருமுறை வாண்டு அணியோடு ஆடியது. அந்தப் பெண்கள் என்னைப் பார்த்ததும், "தாத்தா! இன்னிக்கு நீங்க கத்தலையா?" என்று கையாட்டினார்கள். அவர்கள் பயிற்சியாளர் நேரே வந்து கை குலுக்கினார். "இங்க ஏன் நிக்கிறீங்க? எங்க பக்கம் வாங்க. எங்க பிள்ளைங்களுக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும்."

போனேன். அவர்கள் பக்கம் நின்று என் பேத்தியை வாயாரக் கூவி ஊக்கப்படுத்தினேன். யார் தடுப்பார்கள்?

தோற்றுவிட்டோம். எல்லாக் கோலும் இடது பக்கம். நான்தான் சொன்னேனே!

ஜூன் 22, ஞாயிறு

வாண்டு கையுறைகளைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டாள். இனி ஆடப் போவதில்லையாம்.

"ஒரு தோல்விக்கா?" என்றேன்.

மருமகள்தான் வாயைத் திறந்தாள். "மாமா, அந்தப் பொண்ணுங்க பந்தைப் பார்த்தா அடிக்கிறாங்க? உங்களைக் கேட்டு அடிக்கிறாங்க. எந்தப் பக்கம் எட்டாதுன்னு நீங்களே சொல்லிக் குடுத்துடுறீங்க."

இப்படிக் கூடவா ஒரு பழி? பயிற்சியாளர் கிளப்பிவிட்ட கதை, என்னைத் துரத்த அவர் கண்டுபிடித்தது என்றேன்.

"உங்களை வெளியில அனுப்பச் சொன்னது நான்தான் தாத்தா," என்றாள் வாண்டு.

"என்கிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன். நீங்க கத்திக்கிட்டிருந்தீங்க."

ஜூன் 23, திங்கள்

கடை திறக்கவில்லை. கரண்ட் இல்லை என்று கேட்டவர்களிடம் சொன்னேன். இருந்தது.

ஜூன் 26, வியாழன்

வாண்டு பயிற்சிக்குப் போகவில்லை. கோலில் வேறொரு பெண்ணை நிறுத்தினார்களாம். பந்து வந்தால் அவள் கண்ணை மூடிக்கொள்கிறாளாம். வீட்டில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. திட்டித் தொலைத்தாலாவது பதில் சொல்லலாம். இப்படிப் பேசாமல் இருந்தால் மனுஷன் என்னதான் பண்றது?

கையுறையைக் கூடையிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டு போய் அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"சனிக்கிழமை நீ போகணும்."

"நீங்க வருவீங்களா?"

"வருவேன்."

"அப்ப நான் போகல."

என் கடையில் என்னிடம் யாரும் இப்படிப் பேரம் பேசியதில்லை. கடைசியில் அவளே இறங்கி வந்தாள். "வாங்க. ஆனா பேசக் கூடாது."

"ஒரு வார்த்தை கூடவா?"

"கை தட்டலாம். ரெண்டு டீமுக்கும்."

"எதுக்கு அவங்களுக்கு?"

"தாத்தா!"

"சரி, சரி. வீட்டுக்கு வர்ற வழியில?"

"அப்பவும்தான். நானா பேசினா பேசலாம்."

ஒப்புக்கொண்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை. அது வேறு விஷயம்.

ஜூன் 28, சனி

இரண்டு கன்னத்திலும் மிட்டாயை அடக்கிக்கொண்டு நின்றேன். பல்வலியா என்று கேட்டார் பயிற்சியாளர். பதில் சொல்லவில்லை, வாக்கு வாக்குதான்.

பேசாமல் நின்றால் காது வேலை செய்கிறது. கோலில் இருந்து யாரோ கத்திக்கொண்டே இருந்தார்கள். "முன்னாடி போ! அவளை விடாதே! எனக்கு விடு, எனக்கு விடு!" கனத்த குரல். மைதானத்தின் அந்தக் கோடி வரை போகிறது. முன்னால் நின்ற பெண்கள் அந்தக் குரலுக்கு நகர்ந்தார்கள். பார்த்தால் — வாண்டு.

கோல் காக்கிறவள் இப்படிக் கத்தித்தான் மற்றவர்களை நிறுத்த வேண்டுமாம். எல்லா ஆட்டத்திலும் கத்தியிருக்கிறாள். அவளைவிட ஓங்கி ஒருத்தன் பின்னால் நின்று கத்தினால் அந்தப் பெண்களுக்கு யார் சொல்வது கேட்கும்?

தோற்றார்கள். ஒரே கோல், இடது பக்கம்தான். கூட்டாளிகளோடு சிரித்துக்கொண்டே வந்தாள். தோற்றவர்கள் சிரிப்பது எனக்குப் பிடிக்காது. சொல்லவில்லை.

பஸ்ஸில் அவளாகவே சொன்னாள்: "இடது பக்கம் இன்னும் கொஞ்சம் எட்டல தாத்தா."

வாய் நிறையப் பதில் இருந்தது. "ம்" என்றேன்.

ஜூலை 5, சனி

ஜெயித்தார்கள். கை தட்டினேன். இரண்டு அணிக்கும். எதிரணிக்குக் கொஞ்சம் மெதுவாக.

ஜூலை 11, வெள்ளி

நாளை கடைசி ஆட்டம். போன வாரம் நான் கண்ட ஒழுங்கீனங்கள் கொஞ்சமில்லை. ஆகவே ஆக வேண்டியவை:

மகன்: செல்போனைத் தூக்கிக்கொண்டு கோல் கம்பத்துக்குப் பின்னால் போகக் கூடாது. திரும்பும் வழியில் "எப்படிம்மா விட்ட?" என்று கேட்கவே கூடாது.

மருமகள்: தண்ணீர், மாற்று சாக்ஸ். பந்து வரும்போதெல்லாம் "ஐயோ" என்கிறாள். அதை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும்.

பயிற்சியாளர்: நடுக்கோட்டருகே ஒரு தகப்பனார் நின்றுகொண்டு மகளைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்துகிறார். என்ன மனிதரோ. உடனே அவரை வேலிக்கு வெளியே அனுப்ப வேண்டும். புகார் கொடுத்தது நான்தான் என்று சொல்லிக்கொள்ளலாம்.

நான்: மிட்டாய் வாங்க வேண்டும்.

வாண்டு: கத்த வேண்டும். நன்றாக.